ஜேனி, ஜன்னி, கோணங்கி

ஏப்ரல் 3. காரைக்கால் வாசகர் ஒருவரின் கேள்வி

ஆங்கிலக் கதைகளில் ‘ஜேனி’ என்றொரு சொல் அடிக்கடி வருகிறது. பிறரைத் துன்புறுத்தாத, பார்ப்பவருக்குச் சிரிப்பு மூட்டும் விளையாட்டுக் கிறுக்கை அது குறிக்கிறது. அகராதியைப் புரட்டினால் இத்தாலிய மொழியின் ‘ஜன்னி’யிலிருந்து வந்ததாகப் போட்டிருக்கிறது. காய்ச்சலில் பிதற்றுபவரைப் பார்த்து எங்கள் பாட்டி ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்பார். பொருளும் ஒலியும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது, யவனர் வந்து போன பூம்புகார்க் கரையிலிருந்துதான் இந்தச் சொல்லும் கப்பலேறியது என்று துணிந்து சொல்கிறேன். மறுப்பவர் மறுக்கலாம்.

ஏப்ரல் 3, இரவு

மறுக்கிறேன். ஒலி ஒத்திருப்பது உண்மைதான். முதன்முறை அந்த வடிவத்தை அகராதியில் பார்த்தபோது நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் நம்முடைய ஜன்னி, ‘சன்னிபாதம்’ என்ற வடசொல்லின் குறுக்கம். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்டுக் காய்ச்சலும் பிதற்றலும் காணும் நிலைக்கு மருத்துவ நூல்கள் இட்ட பெயர் அது. இத்தாலிய ஜன்னிக்குக் காய்ச்சலும் கிடையாது, பித்தமும் கிடையாது. அது ஓர் ஆளின் பெயர். ‘ஜொவான்னி’ என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் ‘ஜான்னி’; அதையே வெனிஸ், பெர்காமோ பக்கத்து மக்கள் தங்கள் பேச்சில் முதலெழுத்தை வண்டின் ரீங்காரம் போல அதிரவைத்துச் சொல்வார்கள். தமிழில் இரண்டையும் ஒரே ஜகரத்தால் எழுத வேண்டியிருப்பதால் வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காலமும் பொருந்தவில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் தலைகாட்டியது பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில்தான். பூம்புகார் யவனர்களுக்கும் அதற்கும் இடையே ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன.

ஏப்ரல் 4

நேற்று அவசரத்தில் எழுதியதில் ஒன்று விடுபட்டது. இந்தச் சொல்லில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலச் சிறுவர் கதை ஒன்றை மொழிபெயர்த்தேன். வெயில் நாளில் குடை பிடித்துக்கொண்டும் மழை நாளில் அதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டும் நடக்கும் மாமா ஒருவர் அதில் வருவார். மூலத்தில் அவருக்கு ‘ஜேனி’ என்ற அடைமொழி இருந்தது. நான் ‘பைத்தியக்கார மாமா’ என்று எழுதினேன், அப்படியே அச்சாகிவிட்டது. படித்த தாய் ஒருவர், தம் வீட்டில் உண்மையிலேயே மனநோயுற்ற தம்பி இருப்பதாகவும், அந்தப் பக்கத்தைத் தம் மகளுக்கு வாசித்துக் காட்ட முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டதாகவும் கடிதம் எழுதினார். குற்றம் பதிப்பகத்தாருடையது என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குற்றம் என்னுடையதுதான். இப்போது மறுபதிப்பு வரவிருக்கிறது. ஆகவே இந்தச் சொல்லுக்கு ஈடு தேடுவது எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை.

ஏப்ரல் 6

முதலில் ஜன்னி யார் என்று பார்த்துவிடலாம்.

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில், எழுதிய உரையாடல் இல்லாமல், கதையின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேடையிலேயே பேச்சை இட்டுக்கட்டி நடிக்கும் முகமூடி நாடகம் வளர்ந்தது. அதன் பெயர் கொம்மெதியா தெல்லார்த்தே. 1545ஆம் ஆண்டு பாதுவா நகரில் நடிகர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து குழுவாக ஊர் ஊராகச் சென்று நடிக்க எழுத்துப்பூர்வமாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் அந்தக் கலையின் வரலாற்றில் முதல் ஆவணமாகப் பேசப்படுகிறது. அந்த நாடகங்களில் வேலைக்காரனாக வருபவன்தான் ஜன்னி. பெர்காமோ மலைப்பகுதியில் பிழைக்க வழியில்லாமல் வெனிஸ் நகருக்கு இறங்கி வந்து மூட்டை தூக்கிய குடியானவர்களின் சாயல் அவனுக்கு உண்டு. தொளதொளத்த வெள்ளை உடை, நீண்ட மூக்கு வைத்த முகமூடி, எப்போதும் பசி. இரண்டு ஜன்னிகள் சேர்ந்து வந்தால் ஒருவன் தந்திரசாலி, மற்றவன் மண்டு. பின்னாளில் உலகமெங்கும் பெயர் பெற்ற ஹார்லெக்கின் இந்த ஜன்னி வம்சத்தவனே.

முகமூடியின் மூக்கு எவ்வளவு நீளமோ, அவ்வளவு அறிவு குறைவு என்பது அவர்களுடைய கணக்கு. என் மூக்கைப் பற்றி யாரும் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 6, பிற்பகல்

சொல்ல மறந்த செய்தி: இந்த ஜன்னிக்கு மேடையில் எசமானனாக வரும் கருமி வணிகக் கிழவனின் பெயர் பாந்தலோனே. அவன் அணிந்த கால்சட்டையின் பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ‘பாண்டலூன்’ ஆகி, பிறகு வால் அறுந்து ‘பேண்ட்’ ஆயிற்று. எசமானன் நம் இடுப்புக்கும் வேலைக்காரன் அகராதிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

ஏப்ரல் 9

‘ஜேனி என்றால் தொடக்கத்திலேயே கிறுக்கனா?’ என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஆங்கிலத்தில் அது முதலில் பெயர்ச்சொல். பெரிய கோமாளிக்கோ வித்தைக்காரனுக்கோ எடுபிடியாக இருந்து, அவன் செய்வதையெல்லாம் பின்னால் நின்று தப்புந்தவறுமாகச் செய்துகாட்டிச் சிரிக்கவைப்பவனைக் குறித்தது. 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றிலும் அந்தச் சொல் வருகிறது; அவருடைய இன்னொரு நாடகத்தில், அரண்மனைக் கோமாளிகளைக் கண்டு சிரிக்கும் அறிவாளிகளையே கோமாளிகளின் ஜேனிகள் என்று ஒரு சிடுமூஞ்சிக் காரியதரிசி ஏசுகிறான். ஆள் மறைந்து குணம் மட்டும் எஞ்சி, அது அடைமொழியாக நிலைபெற்றது பிற்பாடு.

இந்தப் பழைய பொருளுக்கு நம்மிடம் நேர்ச்சொல் இருக்கிறது. ஒருவர் பேசுவதையும் நடப்பதையும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று முகத்தைக் கோணிக்கொண்டு செய்து காட்டுவதை எங்கள் பக்கத்தில் ‘அழகு காட்டுதல்’ என்பார்கள். ‘பழிப்புக் காட்டுதல்’ என்பதும் அதுவே.

1980ஆம் ஆண்டு மகாமகத்தின்போது எனக்குப் பத்து வயது. கும்பகோணத்தில் கூட்டம் சற்றுக் குறைந்த ஒரு தெருமுனையில் மோடி வித்தைக்காரர் ஒருவர் கடை விரித்திருந்தார். அவரோடு என் வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவர் வெறுங்கையிலிருந்து காசு வரவழைத்தால் இவன் வெறுங்கையிலிருந்து வேர்க்கடலைத் தோலை வரவழைப்பான். அவர் மந்திரம் ஓதினால் இவன் கொட்டாவி விடுவான். வித்தைக்காரர் பொய்க்கோபத்தோடு துண்டால் அடிக்க, கூட்டம் சிரித்துக் காசு போட்டது. காசுகளில் பாதியாவது அந்தப் பையனுக்காக விழுந்தவை. அவனுக்கு எவ்வளவு கிடைத்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை. ஆங்கில அகராதியில் ஜேனிக்கு முதற்பொருளைப் படித்த நாளில் எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 10

திருத்தம். ‘ஜொவான்னியிலிருந்து வந்தது’ என்று நான் அடித்துச் சொன்னதைப் படித்துவிட்டு, இலத்தீனில் கோமாளியைக் குறிக்கும் ‘சன்னியோ’ என்ற சொல் இருப்பதை ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மை. முகத்தை வலித்துக்காட்டும் ஏளனத்துக்கு ‘சன்னா’ என்று பெயர்; அதைச் செய்பவன் சன்னியோ. ஜேனியை அதிலிருந்து வருவித்த பழைய அறிஞர்கள் உண்டு. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் இரண்டு வழிகளையும் குறிப்பிடுகிறது. இன்றைய அகராதிகள் ஆட்பெயரின் பக்கமே நிற்கின்றன, நானும் அங்கேயே நிற்கிறேன். ஆனால் ‘அடித்துச் சொல்வது’ என்ற என் வழக்கத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துக்கு நடுவே வந்த யோசனை. ஜொவான்னி என்பது எபிரேய மொழியின் யோகனான். ‘கடவுள் அருளினார்’ என்று பொருள். அது கிரேக்கம், இலத்தீன் வழியாக நடந்து ஆங்கிலத்தில் ஜான், பிரெஞ்சில் ழான், ஜெர்மனில் யோகான் என்று ஊருக்கொரு வேடம் பூண்டது. தமிழ்க் கத்தோலிக்கர் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு ‘அருளப்பர்’ என்றார்கள். பழைய மொழிபெயர்ப்புகளில் அருளப்பர் நற்செய்தி என்றே இருக்கும். ஜான் தெ பிரிட்டோ நமக்கு அருளானந்தர் ஆனதும் இதே முறையில்தான். வேளாங்கண்ணிப் பக்கத்தில் அருளப்பன் என்ற பெயருடையவர்கள் இருப்பார்கள். அவர்களும் இந்த ஜேனியும் பெயரளவில் பங்காளிகள். வேளாங்கண்ணியிலிருந்து எனக்கு வசவு வந்தால் இங்கேயே வெளியிடுகிறேன்.

ஏப்ரல் 19

வசவு வரவில்லை. அதைவிட நல்லது வந்தது. ஜெர்மன் மேடைக் கோமாளியின் பெயர் ஹான்ஸ்வுர்ஸ்ட் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஹான்ஸ் என்பது யோகானின் சுருக்கம். வுர்ஸ்ட் என்றால் இறைச்சி அடைத்த தொத்திறைச்சி. இதைப் படித்ததும் ஜோசப் அடிசன் 1711இல் எழுதிய ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நாட்டு மக்களும் தம் கோமாளிக்குத் தமக்கு மிகவும் பிடித்த உணவின் பெயரை இடுகிறார்கள் என்று அவர் அதில் குறித்திருக்கிறார். பிரான்சில் ழான் பொத்தாழ், இங்கிலாந்தில் ஜாக் புட்டிங். பொத்தாழ் கஞ்சி போன்ற சூப்பு. ஜாக் என்பதும் ஜானின் செல்லப்பெயரே.

ஆக, ஊரிலேயே மலிந்து கிடக்கும் பெயர் ஒன்று, அதோடு ஒரு சாப்பாடு: கோமாளி தயார். இதை அடுப்படியில் சொன்னபோது என் மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, “நம்ம சாப்பாட்டு ராமன் மாதிரியா?” என்று கேட்டாள்.

பதினைந்து நாட்களாக அகராதிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை.

ஏப்ரல் 20

சாப்பாட்டு ராமனை ஈடாக எடுத்துக்கொள்ளலாமா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. பிறப்பு ஒன்றாக இருந்தாலும் வளர்ந்த இடம் வேறு. அவன் உண்பவன் மட்டுமே, அவனிடம் விசித்திரம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 27

ஈடு தேடும் வேலை. கிறுக்கு, அரைக்கிறுக்கு, லூசு, மறை கழன்றது: இவையெல்லாம் நோயின் பக்கம் சாய்கின்றன; அந்தத் தாயின் கடிதத்துக்குப் பிறகு இவற்றைத் தொட மாட்டேன். குறும்பு குழந்தைக்குரியது. விகடம் பேச்சில் மட்டும் வாழ்வது. குசும்பைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘தஞ்சாவூர்க் குசும்பு’ என்று நம் மாவட்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர் மூன்றாம் முறை பாயசம் கேட்டால், “அண்டாவையே கொண்டு வரட்டுமா, தூக்க ஆள் வேண்டுமா?” என்று பணிவோடு கேட்பது குசும்பு. அதில் கேட்பவன் நிமிர்ந்து நிற்கிறான், பாயசக்காரர்தான் அடிபடுகிறார். ஜேனியோ தன்னையே கேலிப்பொருளாக முன்னால் வைப்பவன். இரண்டும் சிரிப்புதான், ஆனால் சிரிப்பு பாயும் திசை வேறு.

எஞ்சியவை கோமாளியும் கோணங்கியும். கோமாளி தொழிலாகிவிட்டது, சர்க்கஸில் சம்பளம் வாங்குகிறான். கோணங்கி இன்னும் வீட்டுக்குள் புழங்குகிறது. “கோணங்கித்தனம் பண்ணாமல் சாப்பிடு” என்று அம்மா சொன்னால் அதில் அதட்டல் கால் பங்கு, அடக்கிய சிரிப்பு முக்கால் பங்கு. ‘கோணு’ என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கும்போது, நேராக நிற்க மறுக்கும் உடம்பும் அதில் தெரிகிறது. கோணல் நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது, கும்பகோணம் என்று. ஆகவே இந்தச் சொல்லை நாம்தான் எடுத்தாள வேண்டும்.

ஏப்ரல் 28

கடைசி வரியை வேடிக்கைக்காக எழுதினேன். அதை வரலாறாக எடுத்துக்கொண்டு ஒருவர் பகிர்ந்திருப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். தேவாரத்தில் அந்த ஊர் குடமூக்கு. கும்பம் குடம், ‘கோணா’ வடமொழியில் மூக்கு, இரண்டும் ஒரே பெயரின் இரு மொழி வடிவங்கள். கோணலுக்கு அங்கே இடமில்லை. மூக்குதான் இருக்கிறது, ஜன்னியின் முகமூடியில் இருப்பது போலவே. இதையும் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மே 2

‘கோணங்கி என்றால் குடுகுடுப்பைக்காரர் அல்லவா?’ என்று கேட்டவருக்கு: ஆம், அகராதியில் அந்தப் பொருளும் உண்டு. விடியலில் ‘நல்ல காலம் பொறக்குது’ என்று வாசலில் நிற்பவரும் கோணங்கியே. இது மொழிபெயர்ப்புக்குத் தடையாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மே 25

நரசிம்ம ஜயந்தியையொட்டி மெலட்டூர் போய்வந்தேன். பாபநாசம் வட்டத்தில், எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் எட்டிவிடும் தூரம். ஆனாலும் போய் இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நாயக்கர் காலத்திலிருந்து வேர் பிடித்த பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் அங்கே வரதராசப் பெருமாள் சன்னிதிக்கு முன் இரவு முழுதும் நடக்கும். பாட்டும் வசனமும் தெலுங்கு; பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பார்கள்; மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி இயற்றிய நாடகங்களே இன்றும் உயிர்நாடி.

நான் போனது பிரகலாதனுக்காக அல்ல, அவனுக்கு வெகுநேரம் முன்னால் வருபவனுக்காக. திரை விலகியதும் முதலில் மேடையேறுபவன் கோணங்கி. தோடய மங்கலம் என்ற கடவுள் வாழ்த்துப் பாட்டு அவனுக்குப் பிறகு. முகமூடி அணிந்த சிறுவனாகப் பிள்ளையார் வருவது அதற்கும் பிறகு. பிள்ளையாரையே காக்கவைக்கும் இடத்தில் ஒரு கோமாளியை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது இத்தனை நாளாக என் மூளைக்கு உறைக்கவில்லை. தொப்பியோடு துள்ளி வந்து, குதித்து, நெளிந்து, கூட்டத்தை அடக்கி உட்காரவைத்துவிட்டு அவன் போய்விடுகிறான். அதன் பிறகு நடக்கும் இரணியனின் கர்ஜனையும் தூண் பிளப்பதும் அவன் கலைத்துப்போட்ட இறுக்கத்தின் மேல்தான் நடக்கின்றன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி தன் தாயிடம் கேட்டாள்: “அந்த மாமா மறுபடி எப்பம்மா வருவாங்க?” என் மொழிபெயர்ப்புக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மே 29

கிடைத்துவிட்டது என்று எழுதியதில் எனக்குத் தூக்கம் கெட்டது.

ஜன்னியின் கதையில் நான் வேகமாகக் கடந்துபோன இடம் ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து மூட்டை தூக்க வந்த அத்தனை பேருக்கும் ஜொவான்னி என்றா பெயர் இருந்திருக்கும்? நகரத்தார் அவர்களை அப்படி அழைத்திருக்கிறார்கள். அவர்களின் பேச்சையும் பசியையும் மேடையேற்றிச் சிரித்திருக்கிறார்கள். நகரத்தார் மீது எனக்குக் கோபம் வருவதற்குள் எங்கள் களம் நினைவுக்கு வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது தை மாதச் சம்பா அறுவடைக்குப் புதுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து ஆட்கள் கூட்டமாக வருவார்கள். களத்து ஓரத்தில் தங்கி, அறுத்து, அடித்து, கூலி நெல்லோடு திரும்பிப் போவார்கள். அவர்களில் யாரோ ஒருவருக்குக் கருப்பையா என்று பெயர் இருந்தது. நாங்கள் அத்தனை பேரையும் கருப்பையா என்றே அழைத்தோம். அவர்கள் சொற்களை இழுத்துப் பேசுவதை இழுத்துப் பேசிக் காட்டினோம். உருண்டை உருண்டையாகச் சோறு விழுங்குவதை விழுங்கிக் காட்டினோம். நான் அதில் கெட்டிக்காரன். வீட்டில் விருந்தினர் வந்தால் ‘கருப்பையா மாதிரி செய்து காட்டு’ என்று கூப்பிடுவார்கள், முறுக்கும் கிடைக்கும். ஒருநாள் நான் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது திண்ணைக்கு வெளியே தண்ணீர் கேட்டு வந்து நின்ற ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, “தம்பி, எம்பேரு கருப்பையா இல்லீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்ன பெயர் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வழக்கில் அந்தப் பெயர் சொல்லாகித் தங்கவில்லை. தங்கியிருந்தால் நானூறு ஆண்டு கழித்து எவராவது அகராதியில் அதற்கு ‘விளையாட்டுத்தனமான’ என்று பொருள் எழுதியிருப்பார்.

மே 30

‘அப்படியானால் ஜேனி என்பது இழிசொல், அதைப் பயன்படுத்தவே கூடாது என்கிறீர்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. இன்று அந்தச் சொல்லில் பெர்காமோக்காரன் எவனும் இல்லை. ஆங்கிலேயக் குழந்தை அதைக் கேட்டுச் சிரிக்கும்போது எவருக்கும் வலிப்பதில்லை. எனக்குச் சங்கடம் தருவது, அதே வேலையை நான் என் வாயால் செய்திருக்கிறேன் என்பதும், அதற்கு முறுக்கு வாங்கித் தின்றிருக்கிறேன் என்பதும். கோணங்கி என்ற சொல் எவருடைய பெயரையும் பறித்துக்கொள்ளாமல் உடம்பின் கோணலிலிருந்து பிறந்ததாக எனக்குத் தோன்றுவதால், அதன் மேல் எனக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. காரைக்கால் வாசகர் தம் ஜன்னிக் கொள்கையைக் கைவிட்டுவிட்டாரா என்பதையும் தெரிவிக்கலாம்.

மே 31

கைவிடவில்லையாம். ‘பாட்டி பொய் சொல்ல மாட்டார்’ என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது.

ஜூன் 18

மறுபதிப்பின் அச்சுப்படி வந்தது. ‘கோணங்கி மாமா’ என்று நான் எழுதியிருந்த இடங்களிலெல்லாம் பிழைதிருத்துபவர் சிவப்பு மையால் அடித்துக் ‘கோமாளி மாமா’ என்று மாற்றியிருந்தார். இளம் வாசகர்களுக்குக் கோணங்கி புரியாதாம். மெலட்டூரில் அந்தச் சிறுமி கேட்டதைக் குறித்து நீண்ட கடிதம் ஒன்று எழுதி, ஆறு இடங்களில் ஐந்தில் என் சொல்லை மீட்டுக்கொண்டேன். ஆறாவது இடம், மாமா மழையில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தபடி, ஊரார் எல்லோரும் போன பிறகு தனியே நின்றுகொண்டிருக்கும் காட்சி. அங்கே மட்டும் அடைமொழியை எடுத்துவிட்டு ‘மாமா’ என்று விட்டிருக்கிறேன்.